வேலியில் தொங்கும் கார்க் கதவு

செய்தி போய்ச் சேர்ந்தபோது செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. வெர்னா பசையில் விரல் முட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய பழைய காரின் கைத்திண்டு மேசைமேல் கிடந்தது. திண்டின் மேலும், அதற்கென்று வெட்டிய சிவப்பு ரெக்சினின் அடியிலும் பசை பூசி ஆறவிட்டிருந்தாள். அந்தப் பசைக்கு ஒரு பதம் உண்டு. முட்டியை வைத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், எடுத்தால் முட்டியோடு வந்துவிடக் கூடாது. பதத்துக்கு முன்னால் அழுத்தினால் வழுக்கும், பதம் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. நுனியில் எண்ணெய் இருக்குமாம்.

ஆட்ரி ஷெட் வாசலிலேயே நின்று சொன்னாள். போனில் சொல்ல மனம் வராமல் சாகினா நகரின் மறுகோடியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"டெல்பர்ட் போயிட்டார், வெர்னா. காலையில. காபி குடிச்சிட்டு இருக்கும்போதே."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு குனிந்து, ரெக்சினை எடுத்துத் திண்டின் மேல் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த ஆரம்பித்தாள்.

ஆட்ரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிரிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, உண்மைதான். இருந்தாலும் ஒரு காலத்தில் அவனோடு குடித்தனம் நடத்தியவள் இல்லையா? கையிலிருப்பதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லையா? திரும்பித் தன் காருக்குப் போனாள். கதவைத் திறக்கும்போது ஒருமுறை பார்த்தாள். ரெக்சின் ஓரம்வரை ஒட்டி முடிந்திருந்தது. வெர்னாவின் கை மட்டும் இன்னும் திண்டின் மேலேயே இருந்தது. ஆட்ரி அதைப் பார்த்தாள், ஆனால் அப்போது அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

ஊரில் திருமதி ஹாஸ் இரண்டு பேர், டெல்பர்ட்டின் முதல் மனைவி வெர்னா, இப்போதைய மனைவி ஆட்ரி. தபால்காரர்கள் மாறும்போதெல்லாம் ஒருத்தியின் கடிதம் இன்னொருத்தி வீட்டுக்குப் போகும். விவாகரத்துக்குப் பிறகும் ஏன் அந்தப் பெயரை வைத்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "அந்தப் பேர்லதான் ஃபேக்டரில சீட் தைச்சேன். மாத்தினா பென்ஷன்காரன் குழம்பிப் போயிடுவான்" என்பாள் வெர்னா. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலை அது. அங்கே தேய்ந்த விரல்கள் குட்டையாக, கனமாக, சதுர நகங்களோடு இருக்கும். சர்ச்சுக்குப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் ஆண்கள் போடும் நீல மேலாடைதான். வாயில் எப்போதும் பெப்பர்மின்ட். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. ஊரிலுள்ள கார்களையெல்லாம் ஒட்டித் தருபவள், அதை மட்டும் டேப்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய கார் சங்கத்துக்காரர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இருக்கை, உள்கூரைத் துணி, கதவின் உட்பலகை, டேஷ்போர்டின் ஓரப் பட்டை, பக்கவாட்டில் ஓடும் கோட்டு ஸ்டிக்கர் எல்லாம் செய்வாள். எஞ்சின் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். "உள்ள ஓடுறது உங்க பாடு. முதுகும் கையும் படுற இடம் என் பாடு."

எந்தப் பசை நல்லது என்று போனில் கேட்பவர்களிடம் அவளுக்குப் பொறுமை கிடையாது. "நல்ல செருப்பு எதுன்னு கேக்குற மாதிரி இருக்கு. யார் காலுக்கு?" பிறகு மூன்று கேள்வி கேட்பாள். எதை எதோடு ஒட்டப் போகிறாய்? அந்த இடத்தில் எவ்வளவு வெயில் விழும்? என்றைக்காவது யாராவது அதைப் பிரிக்க வேண்டிவருமா? மூன்றாவது கேள்விக்குப் பலரும் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "என்னைக்காவது ஒருத்தன் பிரிப்பான் கண்ணு. நாம அவனைப் பாக்கப் போறதில்ல. ஆனா அவன் நம்மளத் திட்டக் கூடாது."

டப்பாவில் அச்சடித்திருப்பதை அவள் நம்புவதில்லை. வீட்டின் பின்வேலியில், தெற்கே பார்த்து, பச்சைநிறக் கார்க் கதவு ஒன்று கம்பியில் தொங்குகிறது. அதன் இரு பக்கமும் ரெக்சின், கம்பளி, ஸ்டிக்கர், ரப்பர் என்று உள்ளங்கையளவு துண்டுகள். ஒவ்வொன்றும் வேறொரு பசை. ஜூலை வெயிலும் பிப்ரவரிப் பனியும் அவற்றின் மேல் போய் வரும். எது உதிர்ந்தது, எது சுருங்கியது, எது அழுதது என்று பார்த்த பிறகுதான் அடுத்தவர் காரில் அந்தப் பசையை வைப்பாள். உருகி வழிவதை அழுவது என்றுதான் சொல்வாள். "டப்பாவுல எழுதினவன் ஜனவரில இந்த வேலி பக்கத்துல வந்து நின்னானா? இந்தக் கதவு நின்னுச்சு."

டெல்பர்ட் நேர் எதிர். அவனுக்குப் பசையில் நம்பிக்கை இல்லை, அளவில்தான் நம்பிக்கை. எதுவானாலும் இரண்டு மடங்கு போட்டுவிடுவான். ஒரு வருடம் வெர்னாவிடம் சொல்லாமல், மலிவான தெளிப்புப் பசையை வாங்கித் தன் ஸ்டேஷன் வேகனின், அந்த நீளமான குடும்பக் காரின், உள்கூரைத் துணியைத் தானே ஒட்டினான். ஆகஸ்ட் மாதம் ஹியூரான் ஏரிக்குப் போகும் வழியில் அது பந்தல் சரிவது போல அவன் தலையிலும் ஆட்ரி தலையிலும் இறங்கியது. ஏரி போய்ச் சேரும்வரை ஆட்ரி இரண்டு கையாலும் துணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் சிரித்துச் சிரித்து, ஓட்ட முடியாமல் ஓரம் கட்டினான். அப்படிப்பட்டவன். ஏன் வெர்னாவை விட்டு வந்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் ஆட்ரி ஒருமுறை கேட்டாள். "அவ எப்பவும் சரியாவே இருப்பா. அது கூட குடித்தனம் பண்ண முடியாது" என்றான்.

பிரிந்தாலும் அந்த வேகன் ஒட்டு வேலைக்கு வெர்னாவிடம்தான் போனது. எழுபத்து மூன்றாம் வருடத்து வண்டி. இரு பக்கமும் மரப்பலகை மாதிரி தெரியும் ஸ்டிக்கர் ஓடும். பனி விடத் தொடங்கும்போது டெல்பர்ட் அதை அவள் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் தினமும் போய் வருவான். ஆட்ரி ஒரு கேக் சுட்டு மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தனுப்புவாள். நல்ல மனதோடா, 'நான் இருக்கிறேன்' என்று நினைவூட்டவா என்று அவளுக்கே தெரியாது. பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. ஒரு வருடம் மட்டும் மூடியின் உடைந்துபோன குமிழ் புதிதாக ஒட்டப்பட்டு வந்தது. அடுப்புச் சூட்டுக்கு இன்றுவரை அது அசைந்ததில்லை. ஆட்ரியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அந்த வேகன்தான் சிக்கல். தன் சவ ஊர்வலத்தில் பெட்டி வண்டிக்குப் பின்னால் அதுதான் முதலில் வர வேண்டும், ஆட்ரிதான் ஓட்ட வேண்டும் என்று டெல்பர்ட் பலமுறை விளையாட்டாகச் சொல்லியிருந்தான். அந்த விளையாட்டுக்கு இப்போது சனிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. வண்டியோ வெர்னாவின் ஷெட்டில், பக்கவாட்டு ஸ்டிக்கர் முழுவதும் உரிக்கப்பட்டு வெறும் தகரமாக நின்றது. போன வாரம்தான் அவனும் வெர்னாவுமாகச் சூடுகாட்டி உரித்திருந்தார்கள்.

புதன்கிழமை ஆட்ரி மறுபடி போனாள். சங்கத் தலைவர் ஹார்வி ஏற்கெனவே அங்கே வந்து, தன்னிடம் ஒரு தெளிப்புப் பசை இருக்கிறது, அரை மணியில் வேலையை முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெர்னா பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். தாமதம் பசையினால்தான். டெல்பர்ட் ஒரு பழைய கார்ப் பாகச் சந்தையில், மரவரி போட்ட அந்தக் காலத்து ஸ்டிக்கர்ச் சுருள் ஒன்றைப் பிடித்திருந்தான். நிறம் அச்சாகப் பொருந்தியது, ஆனால் சுருளின் முதுகிலிருந்த சொந்தப் பசை வயதாகித் தளர்ந்துவிட்டது. நடுப்பகுதி பிடிக்கும், ஓரத்துக்கு மட்டும் வேறு ஏதாவது துணை வேண்டும். எந்தத் துணை என்பதுதான் முடிவாகவில்லை.

ஹார்வி போன பிறகு ஆட்ரி கெஞ்சலாகவே சொன்னாள். "சனிக்கிழமை ஒரு நாள் நின்னா போதும் வெர்னா. ஊரே பாக்கும். அவர் வண்டி சொட்டையா வரக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை?"

ஆட்ரி வெறும் தகரக் கதவைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் அவன் செத்துத்தான் இருப்பான், கண்ணு. நீ அந்த வண்டியில கடைக்குப் போவ. ஓரம் தூக்கிக்கிட்டுக் கதவுல படபடன்னு அடிச்சா உனக்கு எப்படி இருக்கும்?"

வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் ஆட்ரி. வகுப்பில் யாரும் அவளை இப்படி மடக்கியதில்லை. "அப்ப என்னதான் செய்யிறது?" என்றாள்.

"மண்வெட்டி எடு" என்றாள் வெர்னா.

பின்வேலியில் பனி இன்னும் குவிந்து இறுகிக் கிடந்தது. பச்சைக் கதவின் கீழ்ப்பாதி அதற்குள் புதைந்திருந்தது. அந்தக் கீழ்ப்பாதியில், அக்டோபரில், மரவரிச் சுருளிலிருந்து மூன்று துண்டு வெட்டி வெர்னாவும் டெல்பர்ட்டும் ஒட்டியிருந்தார்கள். ஒன்றுக்கு ஹார்வியின் தெளிப்புப் பசை. ஒன்றுக்கு வெர்னா தேர்ந்தெடுத்தது, இரு பக்கமும் பூசும் அதே ரப்பர் பசை, ஓரத்தில் மட்டும் மெல்லியதாக. மூன்றாவது டெல்பர்ட் எங்கோ கேள்விப்பட்டு வாங்கி வந்தது, ஓரத்தில் தூரிகையால் தடவும் தண்ணீர் போன்ற ஒரு பிடிமான மருந்து. வெர்னா அன்று விழுந்து விழுந்து சிரித்தாளாம். தண்ணீரைத் தடவிவிட்டு ஒட்டுமா என்று பார்க்கிறான், இதுதான் இவனுக்கு வந்த அறிவு என்றாளாம். பந்தயம் கட்டினார்கள். தோற்றவர், இறைச்சி உண்ணாத தவக்காலத்து வெள்ளியன்று, முன்னாள் படைவீரர் மண்டபத்தில் போடும் பொரித்த மீன் வாங்கித் தர வேண்டும். பனி விட்டதும் சேர்ந்து பார்ப்பது, அதுவரை யாரும் தனியாகப் போய் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். வெர்னா பார்க்கவில்லை.

இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொத்தினார்கள். ஹார்வியின் துண்டு கதவிலேயே இல்லை, பனிக்கட்டிக்குள் சுருண்டு கிடைத்தது. வெர்னாவின் துண்டு பிடித்துத்தான் இருந்தது, ஆனால் பசையின் காரம் ஏறி ஓரம் முழுவதும் பல் போன வாய் மாதிரி சுருங்கியிருந்தது. மூன்றாவது துண்டு அசையாமல் தட்டையாக இருந்தது. வெர்னா சதுர நகத்தால் ஒரு மூலையை நெம்பினாள். வரவில்லை. இன்னொரு மூலையை நெம்பினாள். வரவில்லை. உள்ளே போய், சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை எடுத்துவந்து ஒரு மூலையில் மெதுவாகச் சூடு காட்டினாள். மூலை இளகி, அடியில் பெயின்டுக்கு ஒரு கீறலும் இல்லாமல் சுத்தமாக எழுந்து வந்தது. பிரிக்க வருமா என்ற மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. அவள் அந்த மூலையைத் திரும்ப அழுத்திவிட்டு நின்றாள்.

"ம்" என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "இப்ப மட்டும் அவன் இருந்திருந்தா இதச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்னிருப்பான்."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஆட்ரி முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. வெர்னா அவளைப் பார்க்காமல் மண்வெட்டியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் உதிர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஷெட்டை இரவு முழுக்க ஹீட்டர் வைத்துச் சூடேற்றி, வியாழக்கிழமை காலையில் ஒட்ட ஆரம்பித்தார்கள். ஒரு கதவின் நீளத்துக்கு ஸ்டிக்கரை ஒருத்தர் மட்டும் பிடிக்க முடியாது. ஒருத்தர் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி முதுகுத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக் கொடுக்க வேண்டும், மற்றவர் ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். நடுவில் சோப்புத் தண்ணீர் தெளிக்கலாம், மருந்து தடவிய ஓரத்தில் ஒரு சொட்டுப் படக் கூடாது. மறுமுனை எப்போதும் டெல்பர்ட்டினுடையது. ஹார்வியைக் கூப்பிடலாமா என்று ஆட்ரி கேட்டாள். "அந்தாளு பேசிக்கிட்டே பிடிப்பாரு. நீ பிடி" என்றாள் வெர்னா.

அவளோடு வேலை செய்வது சுலபமில்லை. வேலை நடக்கும்போது 'தயவுசெய்து', 'நன்றி' எதுவும் கிடையாது. மேலே, கீழே, நில்லு, விடு. ஆட்ரி சுருக்கம் விழாமலிருக்க ஸ்டிக்கரை இறுக்கிப் பிடித்தாள்.

"இழுக்காத. பிடிச்சா போதும்."

"இழுக்கலையே."

"இழுக்கிற. அவனும் இழுத்துட்டு இதையேதான் சொல்வான். இழுத்து ஒட்டினா அது மனசுல வச்சுக்கும். குளிர் வந்ததும் பழைய இடத்துக்கே சுருங்கிப் போயிடும். முன்கதவு ஓரத்துல விரலளவு இடைவெளி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது அவன் இழுத்தது."

இருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆட்ரியின் கண்ணில் படும் இடைவெளி. வண்டி அப்படித்தான் செய்யப்பட்டது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். கையைத் தளர்த்தினாள். ஸ்டிக்கர் தொட்டில் துணி போல நடுவில் லேசாகத் தொய்ந்தது. வெர்னா தலையசைத்தாள்.

பின்பக்கத் தகட்டுக்கு வந்தபோது, ரப்பர் பட்டை தகரத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்ரி கேட்டாள். "அன்னைக்கு நான் வந்து சொன்னேன். நீங்க கையிலிருந்ததக் கூட கீழ வைக்கல."

வெர்னா பட்டையை நிறுத்தவில்லை. "பதமா இருந்துச்சு."

ஓரம்வரை தள்ளி முடித்துவிட்டு, வெர்னா பட்டையை மேலாடையில் துடைத்தாள்.

"கண்ணு, கைய எதுமேலயாவது வைக்க வேண்டியிருந்துச்சு."

ஆட்ரி அடுத்த தாளை உரிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரு பக்கமும் முடிந்தது. பாக்கி ஒரே ஒரு துண்டு. பெட்ரோல் ஊற்றும் வாயை மறைக்கும் சதுர மூடி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. அதற்கு மரவரி தனியாக வெட்டி, பக்கத்துத் தகட்டின் வரியோடு வரி சேரும்படி ஒட்ட வேண்டும். வெர்னா அதையும் அளந்து வெட்டி, பென்சிலால் மேல் எது கீழ் எது என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள்.

"இதையும் ஒட்டிட்டா முடிஞ்சுது" என்றாள் ஆட்ரி.

"அது அவன் பங்கு."

அந்த வண்டியில் டெல்பர்ட் தானாக ஒட்ட அவள் விட்டிருந்த ஒரே இடம் அது. அவ்வளவு சின்னதை யாராலும் கெடுக்க முடியாது என்று நம்பிக் கொடுத்திருந்தாள். அவன் கெடுத்தான். முதல் தடவையே வரி படுக்கைவாட்டில் ஓடுவதற்குப் பதிலாக நெட்டுக்குத்தாக நிற்கும்படி ஒட்டிவிட்டு, இதுதான் இப்போது நாகரிகம் என்று வாதாடினான். அம்புக்குறி போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே திருப்பித்தான் ஒட்டுவான். சாகினாவில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் அந்த மூடியை வைத்தே வண்டி யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். சரியாகவே இருக்கும் பெண் அதை ஒருமுறைகூடப் பிரித்துச் சரி செய்ததில்லை என்பது ஆட்ரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை வெர்னா கை கழுவி, மேலாடையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஆட்ரியைப் படைவீரர் மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு தட்டு மீன், கோஸ் சாலட், ரொட்டி. "தோத்தது நான். அவன் மீன நீ தின்னு." ஆட்ரி தின்றாள். மூன்று நாளாக ஒன்றும் உள்ளே இறங்காமலிருந்தவள், கடைசித் துண்டு வரைக்கும் தின்றாள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பனிக்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பை மழை வந்து கழுவும்வரை வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். உப்பு தகரத்தைத் தின்றுவிடும். அந்த வருடம் இன்னும் மழை பெய்யவில்லை, சாலை வெள்ளை பூத்துக் கிடந்தது. ஈரச் சாலையைக்கூடத் தன் காருக்குக் காட்டாதவர் ஹார்வி. அதனால் எல்லோரும் அன்றாட வண்டிகளிலேயே வரட்டும் என்று ஆட்ரியே சொல்லி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை பிரார்த்தனை முடிந்து லூத்தரன் கோவில் படிக்கு வந்தபோது, தெரு நெடுக சங்கத்தின் கார்கள் நின்றன. சிவப்பு, வெண்ணெய் நிறம், ஆகாய நீலம், எல்லாவற்றுக்கும் முழங்கால்வரை வெள்ளைப் புழுதி. முதலில் ஹார்வியின் கார். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஏதோ ஒன்றைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெர்னா படியின் ஓரத்தில் நின்றாள். அன்று மூக்குக் கண்ணாடியின் கால் புதிதாக இருந்தது. ஆட்ரி வேகனின் முன்கதவை அவளுக்காகத் திறந்தாள். அவள் வரவில்லை. வண்டியின் பின்புறம் போய், பின்கதவைத் திறந்து, குழந்தைகள் உட்காரும் கடைசி இருக்கையில் ஏறிக்கொண்டாள். அது பின்னோக்கிப் பார்த்த இருக்கை.

"ஓரம் தூக்குதான்னு ஒருத்தர் பாக்கணும்ல" என்றாள்.

இருக்கையில் உட்கார்ந்து ஓரத்தைப் பார்க்க முடியாது என்று ஆட்ரிக்குத் தெரியும். கல்லறைவரை மெதுவாக ஓட்டினாள். கண்ணாடியில் வெர்னாவின் நரைத்த பின்தலை தெரிந்தது. அதற்கப்பால் உப்புப் புழுதியில் விளக்கெரிய ஒன்றன்பின் ஒன்றாக வந்த கார்கள். வெர்னா ஒரு கையைப் பக்கத்துத் தகட்டின் உட்புறத்தில் விரித்து வைத்திருந்தாள். வழி முழுவதும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது, கோவிலின் சாப்பாட்டுக் கூடத்தில் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்க, சங்கத்து ஆண்கள் கறுப்புக் கோட்டோடு வண்டி கழுவுமிடத்தில் வரிசை கட்டிக் கார்களின் அடிவயிற்றுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேகனுக்கும் அடித்துவிட்டார்கள். எந்த ஓரமும் எழவில்லை.

இப்போது ஜூன். ஆட்ரி அந்த வண்டியில்தான் கடைக்குப் போகிறாள். சில வாரம் கேக் பாத்திரத்தோடு வெர்னா வீட்டுக்கும் போகிறாள். ஹியூரான் ஏரிக் காற்றும் நெடுஞ்சாலையும் பார்த்தாகிவிட்டது. மரவரி தட்டையாக, கதவின் ஓரத்தில் இடைவெளி இல்லாமல் இருக்கிறது. பெட்ரோல் மூடி மட்டும் வெறும் தகரம். அதற்கு வெட்டிய துண்டு வெர்னாவின் அலமாரியில், சுருளாமலிருக்க ஒரு கண்ணாடித் தகட்டுக்கு அடியில், அம்புக்குறி மேலே பார்க்க, முதுகுத் தாள் உரிக்கப்படாமல் இருக்கிறது.